தொடர்புப் பாரத்தில் எழுதியது வந்து சேர்கிறதா?

ஆலயமும் இயக்கங்களும் அகப்பக்கம் தொடங்கும்போது தொடர்புப் பாரம் ஒன்றை இணைப்பது வழக்கம். தோட்டத்துத் தாய் ஒருவர் பிள்ளையின் கல்வி உதவிக்காக அதில் எழுதுகிறார். 'அனுப்பப்பட்டது' என்று திரை சொல்கிறது. பொறுப்பாளருக்கோ எதுவும் கிடைக்கவில்லை. இயக்கம் கண்டுகொள்ளவில்லை என்றே அவர் நினைப்பார்.

வேர்ட்பிரஸ் தளங்களில் பலர் பயன்படுத்தும் 'காண்டாக்ட் ஃபார்ம் 7' இலவசச் செருகுநிரல், செய்தியை மின்னஞ்சலில் அனுப்புமே தவிர சேமித்து வைக்காது. அனுப்புநர் கட்டத்தில் எழுதியவரின் முகவரியே இருந்தால், போலி மடல் என்று அது தடுக்கப்படலாம்; குப்பை மடல் பெட்டிக்கும் போகலாம்.

அனுப்புநராக அகப்பக்கத்தின் சொந்த முகவரியையும், பதில் முகவரியாக எழுதியவரின் முகவரியையும் வைக்க வேண்டும். எஸ்எம்டிபி அமைப்பின் வழி, முறையான மின்னஞ்சல் கணக்கிலிருந்து மடல் செல்வது நல்லது. 'ஃப்ளமிங்கோ' செருகுநிரலைச் சேர்த்தால் ஒவ்வொரு செய்தியின் நகலும் தளத்திலேயே இருக்கும். நகல் தங்குவதால் அடையாள அட்டை எண்ணைக் கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு. பெயர், தொலைபேசி எண், தேவை ஆகியவை போதும்.

மாதம் ஒருமுறை பொறுப்பாளரே பாரத்தில் எழுதி, மடல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.