நாற்றைக் கொல்லும் நீர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஊர் சேரப்பணஞ்சேரி. ஏரி நீரை நம்பிப் பயிர் செய்து வந்த வட்டாரம் அது. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலும், 2010ஆம் ஆண்டு ஒரகடத்திலும் பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. கழனிகள் பல வீட்டுமனைகளாகவும் ஆலை வளாகங்களாகவும் மாறின. ஆயினும், வீட்டின் பின்புறம் ஐந்து சென்ட் நிலம் எஞ்சியிருந்தால் அதில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் நட விரும்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

விதைத்த நாள்முதல் பலரும் செய்வது, காலையும் மாலையும் குடம் குடமாக நீர் வார்ப்பதாகும். ஆசையின் மிகுதியால் செய்யும் இச்செயலே நாற்றின் உயிருக்கு உலை வைக்கின்றது. ஒரு வாரம் செழிப்பாக நின்ற நாற்றுகள் ஒரே இரவில் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர் கோத்து, மெலிந்து, அழுகியிருக்கும். இதுவே நாற்றழுகல் நோய். பித்தியம் என்னும் பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர் இதற்கு முதன்மையான காரணம். அதன் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்திச் செல்ல வல்லவை. முளை வெளிவருமுன்னரே விதையை அது அழித்துவிடுவதும் உண்டு; அப்போது பழியெல்லாம் விதைக் கடைக்காரர்மீது விழும்! சாய்ந்த நாற்றைக் கண்டு, நீரின்றி வாடுகின்றதென எண்ணி மேலும் ஒரு குடம் ஊற்றுவோர் எஞ்சியவற்றையும் இழக்கின்றனர்.

ஆலையில் மாலை ஷிப்டு முடித்து, இரவில் வந்து நீர் ஊற்றுவோருக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். இரவில் வார்த்த நீர் விடியும்வரை உலர்வதில்லை. இலையும் தண்டும் நெடுநேரம் நனைந்தே கிடக்கும். வீட்டிலிருப்போர் காலையில் பூவாளியால் தெளிப்பதே நலம். முளைத்தபின், மேல்மண்ணைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டுமாயின் அவ்வேளை நீர் வேண்டுவதில்லை.

பாத்தியும் இதற்கு உதவவேண்டும். ஒரு மீட்டர் அகலத்தில், தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைத்தால் மிகுநீர் வடிந்துவிடும். ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதைகள் அடங்கும். அதை அள்ளித் தூவினால் நாற்றுகள் நெருங்கி நின்று, காற்றோட்டமின்றி நோய்க்கு இரையாகும். ஆகவே விதையை மணலுடன் கலந்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிய வரிசைகளில் இட்டு, மெல்லிய மணலால் மூடுக. மேலே பரப்பிய வைக்கோலை, முளைகள் தலைகாட்டிய அன்று மாலையே நீக்கிவிட வேண்டும். தாமதித்தால் நாற்றுகள் வெளுத்து நெட்டையாகும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்குமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். வீட்டுக்கு வாங்கும் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே மிகை.

காலமும் கருதத்தக்கது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. ஐப்பசியில் நாற்றுவிடுவோர் அடைமழையோடு போராட நேரும். ஆடியில் விதைத்தால், ஐப்பசிக்குள் செடிகள் வயலில் நன்கு வேரூன்றிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளன்று பெய்ததுபோன்ற மழைக்கு (தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்) எந்த நாற்றங்காலும் தாங்காது என்பது வேறு.

இந்நாளில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளிலும் நாற்று வளர்க்கின்றனர். குழிக்கு ஒரு விதை என்பதால் ஒரு நாற்றின் நோய் அடுத்ததற்கு எளிதில் தாவுவதில்லை. நுண்வலையால் மூடினால், இலைச்சுருட்டை நச்சுயிரைப் பரப்பும் வெள்ளை ஈயும் அணுகாது. வெண்டை, அவரை, பாகல், புடல் ஆகியவற்றுக்கு நாற்றங்கால் வேண்டா. நிற்கும் இடத்திலேயே ஊன்றிவிடலாம்.

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் ஏறத்தாழ 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குக. பறிக்கும் நாளில் மட்டும், வேர் அறுபடாதிருக்கப் பாத்தியை நனைக்கவேண்டும். வெயில் தாழ்ந்தபின் நட்டு, உடனே நீர் விட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் பாய்ச்சுக.