பம்பர் போனது, பிளாட்ஃபாரம் வரவில்லை

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊரில் புதுக் கார் எடுத்தவர்கள் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போவார்கள். முன்னால் பளபளக்கும் இரும்புக் குழாய் பம்பர் மாட்டினால்தான் வண்டிக்குக் கம்பீரம். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அந்தக் குழாய் சரியாக அவள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். கம்பெனி பம்பர் பிளாஸ்டிக். நசுங்கி அடியைக் கொஞ்சமாவது தான் வாங்கிக்கொள்ளும். குழாய் சேசிஸோடு போல்ட் போட்டது. அது வளையாது, எலும்புதான் உடையும்.

2017 டிசம்பரில் மத்திய அரசு இந்தப் பம்பர்கள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. போலீஸ் மறித்துக் கழற்ற வைத்தபோது எவ்வளவு முணுமுணுப்பு! இன்று எங்கள் தெருவில் ஒரு காரில்கூட அது இல்லை. 2018 அக்டோபர் முதல் புது மாடல் கார்களுக்குப் பாதசாரிச் சோதனையும் கட்டாயம்: மனிதத் தலை, கால் போன்ற உருக்களை பானெட்டிலும் பம்பரிலும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பானெட் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் இருந்தால் தகடு குழிந்து தலையைத் தாங்கும். அந்த இடைவெளி ஓர் உயிர்.

ஆனாலும் 2014-இல் நாடு முழுக்க 12,330 பாதசாரிகள் இறந்தார்கள். 2022-இல் 32,825 பேர். வண்டியைத் திருத்திய வேகத்தில் சாலையைத் திருத்தவில்லை என்பதே என் ஆதங்கம்.

அன்று விபத்து என்றால் கேஸ் டிரைவர் மேல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198ஏ பிரிவைக் கொண்டுவந்தது: தரக்குறைவான சாலையால் உயிர் போனால் காண்டிராக்டரும் ஆலோசகரும் பொறுப்பு, அபராதம் ஒரு லட்சம் வரை. ஓர் உயிருக்கு அது போதவே போதாது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், நடைபாதை என்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, 1.8 மீட்டர் அகலம் தடையின்றி வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் மேல் போட்ட ஸ்லாப்தான் பிளாட்ஃபாரம், முழங்கால் உயரம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். அம்மாவுக்கு மூட்டுவலி, ஏற முடியாது. பால் வாங்க வெள்ளைக் கோட்டை ஒட்டி, ரோட்டிலேயே நடந்து போகிறாள்.