கொடுக்கும் கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த காலத்தில், 1875இல், அன்றைய கலெக்டரின் பெயரில் தொடங்கியது அது. பொது நூலகச் சட்டம் 1948இல்தான் வந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டு வளர்த்த நூலகம் இது. பக்கத்து ராஜபாளையத்தில், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். விருதுநகரில் வணிகர்களின் மகமையும் வீடுகளின் பிடி அரிசியும் சேர்ந்து பள்ளிக்கூடமாயின. கொடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுத்த பிறகு கணக்குக் கேட்கத்தான் கூசுகிறோம். தெரிந்தவராயிற்றே, தப்பாக நினைப்பாரோ என்று ரசீதைக்கூட விட்டுவிடுகிறோம்.

ரசீதைச் சற்று உற்றுப் பாருங்கள். வரிசை எண், அமைப்பின் பெயர், முகவரி, பதிவு எண், பான் எண், தேதி, தொகை, வாங்கியவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். தொகையை உங்கள் கண்முன் எழுத வேண்டும். அடிக்கட்டையிலும் அதே தொகை ஏற வேண்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்று ரசீது என்றால் பணத்தை எடுக்காதீர்கள். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் அமைப்பின் பெயர் திரையில் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இணையவழியில் ஏமாந்துவிட்டால் 1930க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வழி இருக்கும்.

80ஜி வரிச்சலுகை என்று சொல்லி வசூலிப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. வெறும் ரசீது போதாது. உங்கள் நன்கொடையை வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிட்டு அந்த அமைப்பு உங்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். சங்கமாகப் பதிவானது என்றால், அதன் உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்கலாம்.

அரசு நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அந்தப் பணம் உங்கள் ஊர்க் கிளைக்கு எவ்வளவு வந்தது, எத்தனை நாளிதழ் வாங்குகிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். இதற்கு மேலும் உதவ விரும்புகிறவர்கள் ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம்.

பத்திரிகைக்கு வருவோம். நாளிதழுக்கு நாம் கொடுக்கும் விலை அதன் அச்சுச் செலவுக்கே போதாது. மீதியை விளம்பரம்தான் ஈடுகட்டுகிறது. கண்மாய் ஆக்கிரமிப்பையும் குடிநீர் வராத வார்டையும் எழுதும் பத்திரிகை, விளம்பரதாரர் முகம் சுளித்தாலும் நிற்க வேண்டுமென்றால் அதற்குச் சந்தாதாரர் வேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' சிற்றிதழ் சந்தா போதாமல் தவித்து 1970இல் நின்றதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். ஆகவே சிறு இதழ்களுக்கு அவசியம் சந்தா கட்டுங்கள், ஆனால் ஆண்டுச் சந்தாவாகக் கட்டுங்கள். ஆயுள் சந்தா என்பது பெரும்பாலும் இதழின் ஆயுள்தான். பணம் வாங்கிக்கொண்டு இதழ் அனுப்பாவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் மனு, ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை.

தீபாவளி மலருக்கு நன்கொடை கொடு, இல்லையென்றால் செய்தி போடுவேன் என்று ஒருவர் கடைக்கு வந்தால் அது பத்திரிகைத் தொழிலே அல்ல. மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். பதிவு எண்ணைக் கேளுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அச்சில் வந்த செய்தியே தவறு என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதி, பின் இந்திய பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழுக்கு இரண்டு மாதக் கெடு. யூடியூப் சேனல்கள் கவுன்சிலின் வரம்பில் வராது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உங்கள் உறவினர் ஆசையோடு உள்ளூர்ப் பத்திரிகைக்கு நன்கொடை அனுப்பினால் அதைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடை விதிக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் சொந்தச் சேமிப்புக்கு அந்தத் தடை இல்லை. வழக்கமான விலையில் சந்தா கட்டுவதும் நன்கொடையும் வேறு வேறு. எதைச் செலுத்துகிறோம் என்று ரசீதில் தெளிவாக இருக்கட்டும்.

இந்த மாதம் ஒரு நாளிதழுக்காவது முகவரிடம் பெயர் கொடுங்கள், பில் கேட்டு வாங்கி வையுங்கள். அப்படியே உங்கள் தெரு நூலகத்துக்குள் ஒரு நடை போய், புரவலர் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.