டீ எப்போ வரும்? – இங்கிலீஷ் சொல்லும் பிரிட்டிஷ் வீட்டு வாழ்க்கையும்

என் அக்கா மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தவள். ஓஇடி என்று மருத்துவத் துறைக்காரர்களுக்கென்றே ஒரு இங்கிலீஷ் பரீட்சை இருக்கிறது. அதில் முதல் தடவையிலேயே வேண்டிய கிரேடு எடுத்து, வட இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன். "மாமா, எனக்கு இங்கிலீஷே தெரியாதோன்னு பயமா இருக்கு."

நடந்தது இதுதான். சர்க்கரை நோயுள்ள ஒரு தாத்தா, மத்தியானம் மூணு மணிக்கு, "டீக்கு முன்னாடி எனக்கு இன்சுலின் உண்டு" என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் டீ வண்டி வருகிறது. இவள் அவசரமாக சார்ட்டை எடுத்துப் பார்த்தால், சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் என்று இருக்கிறது. சீனியர் நர்ஸிடம் கேட்டாள். அந்தம்மா சிரித்துவிட்டு, "இங்கே டீன்னா ராத்திரி சாப்பாடும்மா" என்றிருக்கிறார். சார்ட் பார்க்காமல் ஊசி போட்டிருந்தால்? சாப்பாடு வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. வெறும் டீயும் பிஸ்கட்டும் அந்த இன்சுலினுக்குத் தாங்காது, சுகர் இறங்கிவிடும்.

டீ என்ற சொல்லை நாம் எல்.கே.ஜி.யிலேயே படித்துவிட்டோம். அதன் பின்னால் இருக்கிற அடுப்படியை யாரும் நமக்குக் காட்டவில்லை. வட இங்கிலாந்தின் மில் தொழிலாளர் வீடுகளில் மத்தியானம் சாப்பிடுவதுதான் டின்னர். வேலை விட்டு வந்து ஐந்து, ஆறு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற சூடான சாப்பாடு டீ. தெற்கே போனாலோ, கொஞ்சம் வசதியான வீட்டுக்குப் போனாலோ, மத்தியானம் லஞ்ச், ராத்திரி டின்னர் அல்லது சப்பர். டின்னர் எத்தனை மணிக்கு என்ற ஒரு கேள்வியிலேயே எதிராளியின் ஊரும் வர்க்கமும் தெரிந்துவிடும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்கு இது புதுசும் இல்லை. வள்ளியூர் தாண்டி நாஞ்சில் நாட்டுப் பக்கம் போய், "காப்பி குடிச்சாச்சா?" என்று யாராவது கேட்டால், கேட்பது காலைச் சாப்பாட்டை. டம்ளரை மட்டும் நினைத்து "ஆச்சு" என்று சொன்னவன் பட்டினிதான்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. திருநெல்வேலிக்காரனுக்கு பிரிட்டிஷ் அன்றாட வாழ்க்கை வழியாக இங்கிலீஷ் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் எந்தக் காலத்து வாழ்க்கை? பாளையங்கோட்டையில் கோட்டையும் பட்டாளமும் கச்சேரியும் மிஷன் பங்களாவும் இருந்த காலத்து வாழ்க்கை. லீவ் லெட்டரில் இன்றைக்கும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று எழுதுகிறோமே, அந்த ஸ்டேஷன் ரயில் நிலையம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி நியமிக்கப்பட்டிருந்த ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். அவர் ஊரில் இல்லை என்றால் அவுட் ஆஃப் ஸ்டேஷன். 'டிஃபன்' அந்தத் துரைமார்களின் மத்தியான லேசான சாப்பாடு. இப்போது இங்கிலாந்தில் அந்தச் சொல்லை அன்றாடம் சொல்பவர்கள் அபூர்வம், நம் ஜங்ஷன் ஹோட்டல்களில் இட்லி தோசையாக உயிரோடு இருக்கிறது. 'டூ த நீட்ஃபுல்' அந்தக் காலத்து கடித நடை. துரைகளின் ஆபீஸும் சாப்பாட்டு மேஜையும் நமக்குக் கிடைத்தது. ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டு சமையலறை கிடைக்கவில்லை.

தாமிரபரணி மேல் இருக்கிற சுலோசன முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1843ல் திறந்த அந்தப் பாலத்துக்கு லண்டன் வாட்டர்லூ பாலம்தான் மாதிரி என்பார்கள். லண்டனில் அந்தப் பழைய பாலத்தை 1930களில் இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள். மூலம் போய்விட்டது, நம்மூர் நகல் மேலே பஸ் ஓடுகிறது. நம் இங்கிலீஷும் பெரும்பாலும் அப்படித்தான்.

அவளுடைய அடுத்த குழப்பம் இன்னொரு பாட்டி. "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்று சொல்லியிருக்கிறார். இவள் கடையில் ஏதோ வாங்கச் சொல்கிறார் என்று நினைத்து, "என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டிக்கு அவசரம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் பூட்டு திறக்கும். 1851ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியிலேயே பென்னி வாங்கிக்கொண்டு கழிப்பறை நடத்தினார்கள். 240 பென்னிக்கு ஒரு பவுண்டு என்றிருந்த அந்தப் பழைய காசு 1971 பிப்ரவரி 15ல் கணக்கிலிருந்தே போய்விட்டது. சொல் மட்டும் வயதானவர்கள் வாயில் நிற்கிறது. நமக்கு அரையணா, காலணா போல.

இதை அவளுக்கு விளக்க எனக்கு டிக்‌ஷனரி உதவவில்லை, நன்னூல்தான் உதவியது. "பத்தாம் வகுப்புல இடக்கரடக்கல் படிச்சியே, ஞாபகம் இருக்கா?" என்றேன். கால் கழுவி வந்தான் என்று உதாரணம் கொடுப்பார்களே, அதுதான் இதுவும். 'வெளிக்குப் போகணும்', 'ஒண்ணுக்கு வருது' என்று நம் ஆச்சி சொல்வதை மொழிபெயர்த்து ஒரு இங்கிலாந்துக்காரியிடம் கொடுத்தால் அவளும் இப்படித்தான் முழிப்பாள். உடம்பு சம்பந்தப்பட்ட விஷயங்களில் எந்த ஊர்க்காரனும் நேராகப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலோ முழுக்க முழுக்க உடம்புதான் பேச்சு. ஆகவே பரீட்சை இங்கிலீஷ் முதலில் உடைகிற இடமும் அதுதான். 'ஐ'வ் பீன் சிக்' என்றால் அங்கே பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்பதற்கு 'பூர்லி' என்ற ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் சிறுநீர் சமாச்சாரம், குடிநீர் வாரியம் இல்லை.

இதைவிட ஆபத்தானது வலி. நம்மூரில் தலைவலி என்றாலே "உசிரே போவுது" என்போம். அங்கே பழைய தலைமுறை ஆட்கள் நேர் எதிர். 'எ பிட் அன்கம்ஃபர்டபிள்' என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'மஸ்ட்ன்ட் கிரம்பிள்' என்பார்கள், புலம்பக்கூடாது என்று அர்த்தம். வலியை அதிகமாகச் சொன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு என்ற வளர்ப்பு. நம் காதுக்கு அது 'ஒண்ணும் இல்லை' என்று கேட்கிறது. அதனால் சொல்லை நம்பாதே, முகத்தையும் கையையும் பார், பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேள் என்று அவளுக்குச் சொன்னேன். பிறகு பார்த்தால் அங்கே சீனியர்களும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

நானும் 2007ல் ஆன்சைட் என்று பதினோரு மாதம் லீட்ஸில் இருந்தேன். தினமும் காலையில் ஒருவர் "யூ ஆல்ரைட்?" என்று கேட்பார். முதல் வாரம் முழுக்க என் முகம் அவ்வளவு வாடியா இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அது நம்மூர் "சாப்டாச்சா" மாதிரி, பதில் தேவையில்லாத கேள்வி என்று புரிய நாளாயிற்று. வெயிலும் அப்படியே. அவர்களுக்கு வார்ம் வெல்கம், நமக்கு உள்ளம் குளிர்ந்த வரவேற்பு. மே மாதத் திருநெல்வேலியில் வார்மாக வரவேற்றால் அடிக்கத்தான் வருவார்கள்.

அப்படியானால் ஊரில் இருந்துகொண்டே இதைப் படிப்பது எப்படி? இலக்கணப் புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை, ரென் அண்ட் மார்ட்டின் இல்லாமல் நானெல்லாம் கேம்பஸ் இன்டர்வ்யூவே தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அதற்கு மேலே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். 1838ல் சென்னைக்கு வந்து இறங்கிய கால்டுவெல், 1841ல் நம் இடையன்குடிக்கு வரும்போது, ஜனங்களைப் பார்த்துப் பேசிப் பழகுவதற்காகவே பெரும்பகுதி தூரம் நடந்து வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் வெளியிட்ட ஆளுக்கு இலக்கணம் தெரியாமலா? இருந்தும் நடந்தார்.

நாம் லங்காஷயர் வரை நடக்க முடியாது. அவளுக்கு நான் சொன்ன வழி, சீரியல் பார்ப்பது. மான்செஸ்டர் பக்கத்துத் தெரு ஒன்றை வைத்து 1960லிருந்து ஓடுகிற 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. நம் மெகா சீரியல் போல அதிலும் அழுகையும் சண்டையும்தான், ஆனால் யார் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரியிடம் எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. சப்டைட்டில் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. கூடவே ஒரு நோட்டு. இடது பக்கம் அவர்கள் சொன்னது, வலது பக்கம் அதே இடத்தில் நம் ஆச்சி என்ன சொல்வாள் என்பது. டிக்‌ஷனரி அர்த்தம் எழுதக்கூடாது என்பது மட்டும் என் கண்டிஷன்.

நோட்டு இப்போது எழுபது பக்கத்தைத் தாண்டிவிட்டது. போன வாரம் ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு நோயாளி 'ஐ'ம் காஸ்பிங்' என்றிருக்கிறார். மூச்சுத் திணறல் என்று பதறி, விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 97 காட்டுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கப் டீ. வலது பக்கத்தில் ஆச்சி பாஷையில் எழுதியிருக்கிறாள்: "தொண்டை வறண்டு கெடக்கு, ஒரு வாய் காப்பித்தண்ணி தா."

இந்த டீ, நிஜமாகவே டீ.