மலை எங்கே ஓடப் போகிறது?

ஒளி பழகுவோம் – 7

கேமரா கடைக்குப் போய், "லேண்ட்ஸ்கேப் எடுக்கணும், நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பார்: "செகண்டுக்குப் பதினஞ்சு ஷாட் போகும் சார். ஆள் ஓடினாலும் கண்ணுல ஃபோகஸ் நிக்கும். ஃபோர் கே வீடியோ, ஸ்லோமோஷன் எல்லாம் இருக்கு. இன்னைக்கே எடுத்தீங்கன்னா பேக் ஃப்ரீ."

அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், நீங்கள் எடுக்கப் போவது மலையை. மலை எங்கே ஓடப் போகிறது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் பாதிக் குழப்பம் வாசலிலேயே தீர்ந்துவிடும். கேமராவின் விலை ஏற ஏற, நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வேகத்துக்குப் போகிறது. வேகமான ஆட்டோஃபோகஸ், அடுக்கடுக்கான ஷாட்கள், உயர்தர வீடியோ. கல்யாண மண்டபத்திலும் கிரிக்கெட் மைதானத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு அது சோறு போடும் வசதி. நிலக்காட்சிக்காரர் ட்ரைபாடை ஊன்றி, நிதானமாக ஃபோகஸ் வைத்து, வெளிச்சம் கனியும்வரை காத்திருந்து ஒரு படம் எடுப்பவர். பயன்படுத்தாத வேகத்துக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வேகம் துளியும் இல்லாமல் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஒரு சாட்சி உண்டு. 1927 ஏப்ரல் 10 அன்று ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கனமான தகட்டுக் கேமராவைச் சுமந்துகொண்டு பனியில் ஏறி, ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே போய் நின்றார். கையில் மிச்சமிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். வானம் வெளிறித்தான் வரும், பாறையின் கம்பீரம் வராது என்று அவருக்குப் பட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கருத்து இறங்க, பாறை முன்னால் எழுந்து நின்றது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முக்கியமான படம் அது. கேமரா மாறவில்லை, ஃபில்டர் மாறியது, எடுப்பதற்கு முன்பே படம் எப்படி வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இருட்டைத் தூக்கிப் பாருங்கள்

சரி, நமக்கு என்னதான் வேண்டும்? முதலில் சென்சார்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலையில் விடியும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். சூரியநெல்லியிலிருந்து இருட்டில் குலுங்கி வந்த ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே அடிவானம் செம்மஞ்சளாகிவிட்டது. காலடியில் இருக்கும் தேயிலைச் செடிகளில் இன்னும் வெளிச்சம் விழவில்லை. நம் கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும். கேமரா திணறும். செடிக்கு வெளிச்ச அளவு வைத்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கு வைத்தால் செடி கறுத்துப் போகும்.

வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் மிஞ்சாது. கறுத்த இடத்தில் விவரம் பதுங்கியிருக்கும். அதனால் வானத்துக்கு அளவு வைத்து எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் இருட்டைத் தூக்குவதுதான் வழக்கம். அப்படித் தூக்கும்போது இலை பச்சையாகவே வருகிறதா, புள்ளி புள்ளியாகப் பொரிந்து வருகிறதா என்பதில்தான் சென்சாரின் தரம் தெரியும். டைனமிக் ரேஞ்ச் என்று சொல்வது இதைத்தான். நிலக்காட்சிக்குக் கேமராவில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

இந்த வேலைக்கு, சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் கட்டாயம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. தூக்கவும் தாழ்த்தவும் அவ்வளவு இடம் இருக்கிறது.

மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்திலேயே 20 × 13 அங்குலப் படம் போடலாம். ஃபோர் கே டிவியில் மொத்தமே 8 மெகாபிக்சல் சொச்சம்தான். கூடத்துச் சுவரில் மாட்ட 24 தாராளம்.

அடுத்து எல்லோரும் கேட்பது: ஃபுல் ஃப்ரேமா, கிராப் சென்சாரா? ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்கிற கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6, கேனானில் இன்னும் கொஞ்சம் சிறிது. பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வாங்கும் ஒளியிலும் அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் ஐஎஸ்ஓ 100-இல், ட்ரைபாட் மேல் எடுக்கும் பகல் காட்சியில் புதியவரின் கண்ணுக்கு அது அவ்வளவாகப் படாது. பட்டுத் தெரிவது இரவில். பால்வெளியை எடுக்கும்போது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க முடியாது. மலை ஓடாவிட்டாலும் விண்மீன் நகரும், புள்ளி கோடாகிவிடும். இரவு வானம்தான் உங்கள் ஆசை என்றால் ஃபுல் ஃப்ரேமுக்குச் சேமியுங்கள். மற்றவர்களுக்குக் கிராப் போதும்.

பழைய பாடி, புதிய கணக்கு

பெரும்பாலான கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், டிஎஸ்எல்ஆர்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. 2013-இல் வந்த நிக்கான் டி5300, 2016-இன் டி5600, 2017-இன் கேனான் 200டி ஆகிய மூன்றும் 24 மெகாபிக்சல். மூன்றிலும் திரை வெளியே திரும்பும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் பாறையையும் நீரையும் எடுக்கும்போது, சேற்றில் குப்புறப் படுக்காமல் காப்பாற்றுவது அந்தத் திரைதான். மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால் 2014-இன் சோனி ஏ6000 இன்றும் நல்ல தேர்வு. எடை குறைவு; வெளிச்ச அளவு சரியா என்று காட்டும் ஹிஸ்டோகிராமை வியூஃபைண்டரிலேயே பார்த்துக்கொண்டு எடுக்கலாம்.

ஒரு நுணுக்கம். ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுத்துத் தரும் பிராக்கெட்டிங் வசதி, கொழுக்குமலை மாதிரியான இடங்களில் மிகவும் கைகொடுக்கும். நிக்கானின் மலிவு வரிசையான டி3400, டி3500 இரண்டிலும் அது கிடையாது. சென்சார் நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்து டி5300 பக்கம் போவது மேல்.

பழையதை வாங்கும்போது மூன்று சோதனைகளைச் செய்யாமல் பணத்தை நீட்டாதீர்கள். லென்ஸைக் கழற்றி ஒரு முனையில் போன் டார்ச்சை அடித்து மறுமுனையில் பாருங்கள். உள்ளே மெல்லிய வெள்ளை நரம்புகள் படர்ந்திருந்தால் ஃபங்கஸ், வேண்டாம். அடுத்து, அப்பர்ச்சரை எஃப்16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு. துடைத்தால் போகும், ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம். கீறல் என்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே அந்த எண் இருக்கும். டி5300-இன் ஷட்டர் ஒரு லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது. கல்யாண சீசன்களில் ஓடி அந்த எண்ணை நெருங்கிய பாடியைத் தவிர்த்துவிடலாம்.

மிச்சப்பட்ட காசு எங்கே போகும்?

கூடவே வரும் 18-55 கிட் லென்ஸைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எஃப்8, எஃப்11 என்று வைத்தால் ஓரம்வரை கூர்மையாகவே எடுக்கும். 1932-இல் ஆடம்ஸும் நண்பர்களும் தொடங்கிய குழுவின் பெயரே எஃப்64. காட்சி முழுக்கக் கூர்மை வேண்டும் என்று பெரிய தகட்டுக் கேமராவில் அப்பர்ச்சரை அந்த அளவுக்குச் சுருக்கினார்கள். நம்முடைய சின்ன சென்சாரில் எஃப்11-ஐத் தாண்டினாலே ஒளி சிதறிப் படம் மங்கத் தொடங்கிவிடும்.

நிலக்காட்சி என்றாலே வைடு லென்ஸ் என்றொரு நம்பிக்கை உண்டு. ஊட்டியிலோ மேகமலையிலோ ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளிறிப்போகும் மலையடுக்கை 10-18 வைடு லென்ஸில் எடுத்தால் எல்லாம் சுருங்கி ஒரு கோடாகிவிடும். 55-250 மாதிரியான டெலி லென்ஸ்தான் அந்த அடுக்குகளை நெருக்கி நிறுத்தும். வைடா டெலியா, எதை முதலில் வாங்குவது என்பதை நீங்கள் போகும் இடமே சொல்லும்.

லென்ஸுக்கும் முன்பு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காற்றில் ஆடாத ட்ரைபாட். இன்னொன்று, சிபிஎல் என்கிற போலரைசர் ஃபில்டர். மழை விட்ட பிறகு காட்டுக்குள் போனால் ஈர இலை ஒவ்வொன்றும் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மினுங்கும். போலரைசரை மெல்லத் திருப்பிக்கொண்டே வியூஃபைண்டரில் பாருங்கள்: ஒரு கட்டத்தில் அந்த மினுக்கம் அணைந்து, அடியிலிருக்கும் பச்சை வெளியே வரும். ஓடை நீரின் மேற்பரப்பு விலகி, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். பிறகு கணினியில் இதைச் செய்ய முடியாது. மினுக்கத்தில் மறைந்த நிறம் படத்தில் பதிவாகியே இருக்காது.

என் கணக்கு இது: கையிலிருக்கும் தொகையில் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியில் ட்ரைபாட், போலரைசர், கூடுதல் பேட்டரி, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு மூடி வைத்தால் ஃபங்கஸ் வந்து குடியேறும். அப்படியும் மிஞ்சுவதைப் பஸ் டிக்கெட்டுக்கு ஒதுக்குங்கள். ஒரே மலைக்கு வெவ்வேறு பருவத்தில் திரும்பத் திரும்பப் போவதால் வரும் படம், பாடியை மாற்றுவதால் வராது.

இதெல்லாம் மலையையும் நீரையும் எடுப்பவர்களுக்கு. அதே கேமராவில் பறவையும் பிடிக்க வேண்டும், வீட்டுக் குழந்தையின் ஓட்டத்தையும் பிடிக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். அப்போது அந்த விற்பனையாளர் சொன்ன ஆட்டோஃபோகஸுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன் இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் போன் கேலரியில் இதுவரை எடுத்த மலை, கடல், வயல் படங்களை மட்டும் தனியே பிரியுங்கள். போனின் சாதாரண 1x பார்வை, கிராப் கேமராவில் 18-ஐ ஒட்டிய பார்வைதான். 0.5x-இல் எடுத்தவை அதிகமா, 1x-ஆ, ஜூம் செய்தவையா? முதலாவது என்றால் வைடு லென்ஸ், இரண்டாவது என்றால் கிட் லென்ஸே போதும், மூன்றாவது என்றால் டெலி. கடைக்காரர் கேட்பதற்கு முன்பே உங்களிடம் பதில் இருக்கும்.

*அடுத்த வாரம்: ட்ரைபாட் – எந்தக் கால், எந்தத் தலை, எவ்வளவு எடை?*

(தொடரும்)