திருத்துவதா, தள்ளுவதா?

மோட்டார் வண்டியொன்று மரத்தில் மோதி உருக்குலைந்து கிடக்கையில், சூழ நிற்போர் கேட்கும் முதல் வினா, "இதனை இனித் திருத்தலாமா?" என்பதாம். காப்புறுதிக் கம்பனியார் கேட்கும் வினாவோ, "திருத்துவது கட்டுமா?" என்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். இத்தகைய வண்டியை ஆங்கிலேயர் 'ரைட் ஓவ்' என்பர். தமிழாசிரியராகிய நாம் சொல்லின் பிறப்பை நோக்குமிடத்து, அது கம்மாலையிற் பிறவாது கணக்கேட்டிற் பிறந்த சொல் எனக் காண்கின்றோம். வாராக் கடனைத் தள்ளுவதுபோலவே வண்டியையும் தள்ளுகின்றனர்.

விபத்துக்கு முன் வண்டி என்ன விலை பெறும், திருத்தச் செலவு யாது, சிதைந்ததை உதிரிப்பாகங்களுக்கென விற்றால் என்ன கிடைக்கும் என்பனவே அக்கணக்கின் உறுப்புக்கள். செலவு விலையின் பாதியைத் தாண்டும்போதே கம்பனியார் தயங்கத் தொடங்குவர். கழற்றிய பின்னரே வெளிப்படும் சேதமும் உண்டன்றோ? பதினைந்து ஆண்டு பழகிய மஸ்டா எம்.எக்ஸ்.5 போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரொன்றில் காற்றுப்பைகள் விரிந்துவிட்டால், அவற்றையும் இருக்கைப் பட்டிகளையும் முன்பக்கத் தகடுகளையும் புதிதாக இடும் செலவே வண்டியின் விலையை எட்டிவிடக்கூடும். கைதேர்ந்த திருத்துநர் அதனைச் செவ்வனே ஓடச் செய்வார். கணக்கோ அதனைக் கொன்றுவிடும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேலும் ஓடியமைக்கு, மாற்று வண்டி எளிதிற் கிடையாமையும் ஒரு காரணம். அங்கே கணக்கு வேறு.

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதனை நன்கு விளக்கும். மிஸ்டர் பீன் என உலகறிந்த நடிகர் றோவன் அட்கின்சன், 1997இல் மக்லாறன் எப்.1 வண்டியொன்றை வாங்கினார். கோர்டன் மறே என்பார் வடிவமைத்த இவ்வகையில், பந்தய வண்டிகளையுஞ் சேர்த்து 106 மட்டுமே செய்யப்பட்டன. சாரதி நடுவிலும், ஏனையோர் இருவர் இருபுறத்துச் சற்றுப் பின்னேயும் அமர்வர். எந்திர அறையின் உட்புறம் வெப்பத்தைத் திருப்புதற்பொருட்டுப் பொற்றாளால் வேயப்பட்டிருக்கும். 1999இல் மெற்றோ வண்டியொன்றுடன் மோதி முதற் காயம் பட்ட இவ்வண்டி, 2011 ஆகஸ்டில் கேம்பிறிட்ஜ்சயர்ப் பகுதி வீதியொன்றிற் சறுக்கி மரத்தில் மோதித் தீயும் பற்றியது. அவர் தோளிற் காயத்துடன் தப்பினார்.

திருத்தச் செலவு 910,000 பவுண். அவர் வண்டியை வாங்கிய விலையே அதனிற் குறைவு! வாங்கிய விலையைக் கொண்டு தீர்ப்புச் செய்பவர் அவ்விடத்திலேயே கைவிட்டிருப்பர். ஆனால் அக்காலத்தில் வண்டியின் மதிப்பு 35 இலட்சம் பவுண் அளவுக்கு ஏறியிருந்தது. செலவு அதன் காற்பங்கு மாத்திரமே. ஆதலாற் காப்புறுதியார் பணங்கொடுத்தனர். செய்த கம்பனியாரே ஓராண்டுக்கு மேல் உழைத்து அதனை மீட்டனர். 2015இல் அது 80 இலட்சம் பவுண் அளவில் விலைபோயிற்று.

பணக்கணக்கு தீர்ந்தாலும் உயிர்க்கணக்கு ஒன்று எஞ்சும். உருக்குச் சட்டகம் வளைந்தால் அளவுகோல் காட்டிக்கொடுக்கும். வளைந்ததை இழுத்து நேராக்கலாம், வெட்டி ஒட்டலாம். மக்லாறனின் உடலோ கரியிழையைப் படைபடையாகப் பசையிட்டு ஒட்டிச் செய்தது. அடிபட்டவிடத்து மேற்பரப்பு மாசுமறுவின்றி மினுங்க, உள்ளே படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்திருத்தலும் கூடும். தட்டி ஒலிகேட்டும், கேளா ஒலியலை செலுத்தியும் அதனைத் தேர்ந்தோர் கண்டறிவர். ஊர்க் கராஜ்காரரின் அனுபவம், எத்துணைப் பெரிதாயினும், இங்கே போதாது. எமது கருத்தில், இச்சோதனையின் முன் "திருத்தலாம்" என்று எவர் கூறினும் அது ஊகமே.

பிரித்தானியாவில் 2017 ஒக்டோபர் முதல் தள்ளப்பட்ட வண்டிகளை நால்வகைப்படுத்துகின்றனர். 'ஏ' முழுவதும் நசுக்கி அழித்தற்குரியது; 'பி' பாகங்களைக் கழற்றியபின் உடலை நசுக்குதற்குரியது. சட்டகம் சேதமுற்றும் திருத்தத் தக்கது 'எஸ்'. சட்டகம் சேதமுறாதது 'என்'. பின்னிரண்டும் மீண்டும் வீதிக்கு வரலாம். உரிமையாளரே கம்பனியிடம் வாங்கித் திருத்துதலும் உண்டு. ஆயினும் முத்திரை பதிவேட்டை விட்டு நீங்காது. வண்டியின் விலையும் தாழும். அவ்விலைத் தாழ்வுதான் இளைஞரை ஈர்ப்பது. 'எஸ்' முத்திரை பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை மலிவென்று வாங்கச் செல்வோர், புது வர்ணத்தில் மயங்காது, சட்டகத்தை அளந்த தாளையும் காற்றுப்பை மாற்றிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குதல் வேண்டும். பை இருந்தவிடத்தில் வெறும் மூடியை மாத்திரம் பொருத்தி விற்றோரும் உளர்.