டிஸ்கஸ் மீன் வாங்கும் முன்



சென்ற மாத நிகழ்ச்சிக்குப் பின் பல நேயர்கள் டிஸ்கஸ் மீன் வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்காபரோவில் எமது வீட்டில் பத்து வருடங்களுக்கு மேலாக இம்மீன்களை வளர்த்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிஸ்கஸ் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதிக்கு உரியது. தட்டுப்போல வட்டமான உடல். வளர்ந்தால் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். இதன் குஞ்சுகள் முதல் நாட்களில் தாய், தகப்பன் இருவரின் தோலிலும் சுரக்கும் பசையையே உண்டு வளரும். இந்த அழகைப் பார்த்து ஆசையோடு வாங்குகிறோம். விலையோ அதிகம். ஆனால் சில வாரங்களிலேயே மீன் செத்துவிட்டது என்று கவலைப்படுபவர்களும் அதிகம். பெரும்பாலும் இதற்குக் காரணம் தண்ணீர்தான்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். ரொறொன்ரோ குழாய்நீரில் கலப்பது குளோரமைன். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த இது அப்படி இலகுவில் போகாது. ஆகவே குளோரமைனை முறித்து, அதிலிருந்து வெளிவரும் அமோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

மீனின் கழிவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. வடிகட்டியில் வளரும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இந்தப் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே மீனை விடுங்கள்.

இது கூட்டமாக வாழும் மீன். ஐந்தாறாவது சேர்த்து, 200 லீற்றருக்குக் குறையாத தொட்டியில் வளர்க்கவேண்டும். வெப்பநிலை எப்போதும் 28 முதல் 30 பாகை செல்சியஸ். வாரம் இருமுறை மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். உணவாகப் பலர் மாட்டு இதயம் அரைத்துப் போடுவார்கள். அது எங்கள் வீட்டில் புழங்காது. தோல் நீக்கி அரைத்த இறாலைக் கொடுக்கிறேன், விரும்பித் தின்னும்.

மீன் கறுத்து, மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல் நின்றால் உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பரிசோதித்து மாற்றிப் பாருங்கள்.

எமது குளிர்காலத்தையும் மறக்கக்கூடாது. 2013 டிசம்பர் உறைமழையின்போது ரொறொன்ரோவில் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றும், தொட்டியைச் சுற்றிப் போர்த்த இரண்டு கம்பளிகளும் கைவசம் இருக்கட்டும்.

நன்றாகப் பார்த்தால் டிஸ்கஸ் பத்து வருடம்வரை வாழும். பிள்ளைகள் கேட்டவுடன் வாக்குக் கொடுக்காமல், வாரம் இருமுறை வாளி தூக்கப்போவது யார் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதற்கு ஆளிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.